சிரிப்புக்குள் விழுந்த அடி: முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு விளம்பரப் புகார் வரலாறு

1980களில் தூத்துக்குடியில் எந்த வீட்டில் டிவி இருக்கிறது என்பதை மொட்டை மாடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த ஆண்டெனாக்களில் பல சென்னையைப் பார்த்து நிற்கவில்லை, கடலைப் பார்த்து நின்றன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிவிட்டது. ஆனால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தாண்டி அதன் அலை இங்கே எட்டவில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15இல் தொடங்கியது. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து கிளம்பிய அதன் அலை, மன்னார் வளைகுடாவைத் தாண்டி இந்தக் கரையில் விழுந்தது. கச்சான் காற்று பலமாக அடித்தால் கம்பம் திரும்பிவிடும். மாடியில் ஒருவர், முற்றத்தில் ஒருவர், டிவிக்கு முன்னால் ஒருவர். "ஏலே, தெரியுதா?" "புள்ளி புள்ளியாத் தெரியுதுண்ணே, இன்னுங் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பிப் பிடித்த படத்தில் பாதிப் பேச்சு சிங்களம். விளம்பரத்தில் சொன்ன சோப்பும் பிஸ்கட்டும் இங்கே கடையில் கிடைக்காது. ஆனால் விளம்பரத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தாலோ, தலையில் ஒரு தட்டு வாங்கினாலோ வீடே சிரித்தது. சொல் கடலைத் தாண்டாத இடத்தில் அடி தாண்டியது. விளம்பரக்காரர்கள் அடிதடி நகைச்சுவையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. மும்பையில் இந்தியில் எடுத்து எட்டு மொழிகளுக்கு ஒலிமாற்றம் செய்யும் விளம்பரத்தில் சிலேடை செத்துவிடும், கன்னத்தில் விழும் அறை பிழைத்துக்கொள்ளும்.

அடிவாங்கிச் சிரிக்கவைப்பது டிவி கொண்டுவந்த பழக்கமல்ல. தென்மாவட்டத் தோற்பாவைக்கூத்தில் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஒருவரை ஒருவர் மொத்திக்கொள்ளாத இரவு ஏது? ராமாயணம் நடுவில் நின்றாலும் பரவாயில்லை, இவர்கள் வர வேண்டும். கவுண்டமணி–செந்தில், பிறகு வடிவேலு என்று அந்த மரபு சினிமாவில் தொடர்ந்தது. எனவே பார்வையாளர் கண்ணுக்கு இந்த அடி புதிதல்ல. புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று, அடிக்குப் பின்னால் ஒரு பொருளின் விலை ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று, ஒரே அடி ஒரு நாளைக்குப் பத்து முறை வீட்டுக்குள் வந்தது. கூத்து கேட்டவர்கள் வந்து பார்ப்பது. விளம்பரம் கேட்காமலே வருவது. புகார் என்ற ஒன்று முளைக்க இந்த வேறுபாடு போதும்.

இந்தியத் தொலைக்காட்சியில் வணிக விளம்பரம் 1976 ஜனவரி 1இல் தொடங்கியது. தூர்தர்ஷனின் வணிக விளம்பர விதித்தொகுப்பு 1987இல் வந்தது. அந்தக் காலத்தில் காவல் முன்வாசலில் இருந்தது. அரசு நிலையம் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் படம் ஓடும். இதற்கிடையே 1985இல் விளம்பர நிறுவனங்களும் ஊடகங்களும் உற்பத்தியாளர்களும் சேர்ந்து மும்பையில் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலை, இன்று ஆஸ்கி என்று எல்லாரும் சொல்வதை, தாங்களே அமைத்துக்கொண்டார்கள். அதன் விதித்தொகுப்பின் மூன்றாம் அத்தியாயம்தான் நம் பொருளுக்கு உயிர்நாடி. குற்றத்துக்கோ வன்முறைக்கோ தூண்டக் கூடாது. தகுந்த காரணமின்றி ஆபத்தான செயல்களைக் காட்டக் கூடாது. சிறார் பார்த்துச் செய்துவிடக்கூடிய ஆபத்துகளை அவர்களுக்கான விளம்பரத்தில் வைக்கக் கூடாது. சிறார் தீப்பெட்டி, வெடிபொருள், கூர்மையான கத்தி, துப்பாக்கி ஆகியவற்றோடு விளையாடுவதைக் காட்டக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்கும் தூத்துக்குடி மாவட்டக்காரருக்கு ஒரு சின்னப் புன்னகை வராமல் போகாது.

இந்த வரிகளில் சிரிப்பு என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கி, தெருவுக்குத் தெரு கேபிள் ஓடியபோது முன்வாசல் காவல் போய்விட்டது. படம் ஓடிய பிறகு கேள்வி கேட்பதுதான் வழி என்றானது. கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994இல் வந்தன. சட்டம் 1995இல் நிலைபெற்றது. விதி 7, வன்முறையை எந்த வகையிலும் போற்றிக் காட்டும் விளம்பரத்தைத் தடுக்கிறது. நகைச்சுவை எதையும் போற்றுவதில்லை, கேலிதான் செய்கிறது. 'போற்றுதல்' என்ற அளவுகோலை வைத்தால் சிரிப்பு அடி கம்பிகளுக்கு இடையே நழுவி வெளியே போய்விடும்.

அதே சட்டம் மாவட்ட ஆட்சியரை அதிகாரம் பெற்ற அலுவலராக்கியது. விளம்பர விதியை மீறிய ஒளிபரப்பைத் தடுக்க அவரால் கேபிள் ஆபரேட்டருக்கு உத்தரவிட முடியும். ஆக, 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்காரருக்கு கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்திலேயே ஒரு கதவு திறந்தது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் பட்டா, முதியோர் உதவித்தொகை, படகு மானியம் என்று மனுக்களோடு நிற்கும் வரிசையில், ஒரு விளம்பரத்தில் மாமனார் வாங்கிய அறைக்காக நிற்பவரைக் கற்பனை செய்வது கடினம்தான். சட்டம் கொடுத்த கதவும் மக்கள் தட்டும் கதவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2006இல் மத்திய அரசு ஆஸ்கி விதித்தொகுப்பை மீறும் விளம்பரத்தைக் கேபிளில் காட்டக் கூடாது என்று விதி 7இலேயே சேர்த்தது. தொழில்துறை தனக்குத்தானே எழுதிக்கொண்ட ஒழுங்கு அன்று சட்டத்தின் பல்லைப் பெற்றது.

அப்படியானால் சிரிப்பு அடி பற்றிய கவலை எந்த வழியில் வெளிப்பட்டது? முதல் வழி, பிள்ளைகள் பார்த்துச் செய்வது. இதன் தெளிவான முன்னுதாரணம் பிரிட்டனில் கிடைக்கிறது. 1992இல் டாங்கோ என்ற ஆரஞ்சுப் பானத்தின் விளம்பரத்தில், உடம்பெல்லாம் ஆரஞ்சு பூசிய குண்டான ஆள் ஓடிவந்து, பானத்தைக் குடித்தவரின் இரு கன்னத்திலும் இரு கைகளால் பளார் என்று அறைவான். நாடே சிரித்தது. பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அப்படியே அறைந்து விளையாட, காது பாதிக்கப்படுவதாகப் புகார் எழுந்தது. விளம்பரம் திரும்பப் பெறப்பட்டு, அறைக்குப் பதிலாக முத்தம் வைத்த படம் வந்தது. அந்தப் புகாரில் யாரும் நகைச்சுவையைக் குற்றம் சொல்லவில்லை, காதைத்தான் காட்டினார்கள். இந்தியாவில் இதே கவலை விளம்பரத்தைவிடத் தொடர்களைச் சுற்றியே முதலில் பெரிதாக எழுந்தது. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' காப்பாற்ற வருவார் என்று பிள்ளைகள் விபரீதத்தில் இறங்கியதாகச் செய்திகள் வந்தபின், நடிகர் முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் வழி வேடிக்கையானது. 'டிஷும் டிஷும்' என்ற சண்டைச் சத்தத்தையே அடையாளமாக்கிக்கொண்ட பற்பசை பெப்சோடென்ட். அதன் 2013ஆம் ஆண்டுக் கிருமித் தாக்குதல் விளம்பரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. போனவர் பார்வையாளர் அல்ல, எதிர்க்கடை கோல்கேட். அங்கே கேள்வி யார் யாரை அடித்தார் என்பதல்ல, தன் பற்பசையை மட்டம் தட்டினார்களா என்பது. அடி பொருளின் மானத்தில் விழுந்தால் வழக்கறிஞர்கள் வந்துவிடுகிறார்கள். ஆல் அவுட் கொசு விரட்டியின் தவளை தாவித் தாவி நாக்கை நீட்டிக் கொசுவைச் சுருட்டி விழுங்கியதற்கு யாரும் வரவில்லை. கொசுவுக்கு யார் வாதாடுவது? விலங்கு என்றால் கதை வேறு. 2003இல் மவுண்டன் டியூ இந்தியாவுக்கு வந்தபோது பிரபலமான விளம்பரத்தில், ஓர் இளைஞன் சைக்கிளில் துரத்திப் பிடித்த சிவிங்கிப்புலியின் தொண்டைக்குள் கையை விட்டுப் பானக் குப்பியை உருவுவான். விலங்குகளை நடிக்கவைப்பதற்கு 2001இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொண்ட விலங்குகள் நல வாரியம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது.

மூன்றாவது, தென்மாவட்டங்களுக்கே உரிய வழி. 2020 நவம்பரில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் பொதுநல மனுவில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதி 7ஐ எடுத்துக்காட்டி ஆபாச விளம்பரங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தூத்துக்குடியும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான். நீதிமன்றம் போகும் அளவுக்கு நம் பக்கத்துப் பார்வையாளரைக் கொதிக்கவைத்தது ஆபாசம். அதே விதி 7இல் வன்முறைக்கும் இடமிருந்தது, அந்த வாக்கியத்தை எடுத்துப் பயன்படுத்த ஆள் வரவில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்போது ஆபாசம் நம்மை நெளியவைக்கிறது, அடி சேர்ந்து சிரிக்கவைக்கிறது. நெளிவுதான் மனுவாகிறது.

ஆபாசத்துக்குப் புகார், அடிக்குச் சிரிப்பு என்ற இந்த வரிசை 2022 ஜூனில் தலைகீழானது. லேயர் ஷாட் என்ற நறுமணத் திரவத்தின் விளம்பரம் கிரிக்கெட் ஒளிபரப்பின் நடுவில் வந்தது. கடைக்குள் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் நான்கு ஆண்கள். நாலு பேர் இருக்கிறோம், ஒன்றுதான் இருக்கிறது, யார் எடுப்பது என்ற பொருளில் பேச்சு. அவள் மிரண்டு திரும்புகிறாள். அவர்கள் சொன்னது தட்டில் மிச்சமிருந்த ஒற்றைக் குப்பியை. திரையில் ஒரு விரல்கூட யார் மேலும் படவில்லை. யாரும் பார்த்துச் செய்ய அங்கே செயல் எதுவும் இல்லை. இருந்தும் புகார்கள் குவிந்தன. ஆஸ்கி விசாரணைக்கு முன்பே விளம்பரத்தை நிறுத்திவைத்தது, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஜூன் 4இல் யூடியூபிடமும் ட்விட்டரிடமும் அதை நீக்கச் சொன்னது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கூட்டு வன்புணர்ச்சியின் அச்சத்தைச் சிரிப்புக்கான மூலப்பொருளாக்கியதுதான் குற்றம். வன்முறை இல்லாமல், சிரிப்பே குற்றமாக நின்ற முதல் பெரிய வழக்கு இது என்று நான் மதிப்பிடுகிறேன்.

ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த பாலினச் சித்திரிப்பு வழிகாட்டுதல்களை ஆஸ்கி அதே மாதம் வெளியிட்டது. பாலினத்தின் அடிப்படையிலான வன்முறையைத் தூண்டுவதோடு, அற்பமாக்கிக் காட்டுவதும் கூடாது என்கிறது அது. 'அற்பமாக்குதல்' என்ற அந்தச் சொல்தான் 1985லிருந்து விதிகளில் விடுபட்டுக் கிடந்த சிரிப்பின் பெயர். ஜூன் 9இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் குழந்தைகளுக்கு ஆபத்தான நடத்தையை ஊக்குவிப்பதைத் தடுத்தன. அது டாங்கோ காலத்துப் பழைய வழி. பின்னர் உடலமைப்பு, வயது, உடல், மன நிலை ஆகியவற்றை வைத்துக் கேலிசெய்வதையும் ஆஸ்கி தன் விதியில் சேர்த்தது.

அடி வாங்குபவர் பெண்ணாகவோ, குண்டான பையனாகவோ, முதியவராகவோ இருந்து, அதற்காகவே கேலிக்கு ஆளானால் இன்று புகாருக்குச் சொல் இருக்கிறது. அதே அறையை ஒரு வீட்டு வேலைக்காரரோ, டிரைவரோ, கடைப் பையனோ வாங்கினால், தூத்துக்குடியிலிருந்து எழுதும் பார்வையாளர் இன்னும் பிள்ளைகள் பார்த்துச் செய்துவிடும் என்றுதான் மனுவைத் தொடங்க வேண்டியிருக்கிறது.