முழங்காலுக்கு மேலும் கீழும்

கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில் அப்பா வைத்த தையல் கடையை நான் நடத்துகிறேன். கல்வராயன் மலையிலிருந்து வெள்ளிமலை பஸ்ஸில் வந்து இறங்கும் பெரியவர்கள் இன்றும் பட்டாபட்டி தைக்கச் சொல்கிறார்கள். கோடு போட்ட பருத்தித் துணி, முழங்கால்வரை நீளம், நாடா கோக்க இடுப்பில் மடிப்பு, பணம் வைக்க ஆழமான பை. இரண்டு காலும் சேரும் இடத்தில் சதுரமாக ஒரு துண்டு வைப்பேன். அது இல்லையென்றால் கரும்பு வெட்டக் குனிந்ததும் தையல் விட்டுப்போகும்.

முழங்காலை வைத்தே ஆளை எடைபோட்ட காலம் ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் பிரபுக்கள் பட்டுக் காலுறை மாட்டி, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை போட்டார்கள். நீளக் கால்சட்டை உழைப்பாளியின் உடை. 1789-ல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சியில் அதுவே புரட்சிக்காரர்களின் அடையாளமானது. நம் பக்கம் அது தலைகீழ். கணுக்காலைத் தொடும் வேட்டி நிலம் உள்ளவருக்கு, கோவணம் ஏர் பிடித்தவருக்கு. கல்வராயன் மலைக்காரர்களில் பலர் கோவணமும் கம்பளியுமாகவே சந்தைக்கு வருவார்கள் என்று அப்பா சொல்வார்.

இந்த வழக்கத்தைக் கட்டளையாகவே போட்ட ஊர்களும் உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் இடுப்பில் எப்படித் துணி உடுத்த வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில் காந்தி சட்டையையும் தொப்பியையும் துறந்து ஏழை விவசாயியின் அரைத்துணிக்கு மாறினார். அந்தத் துணிக்கு அவர் தந்த மரியாதை பெரிது. ஆனால் அவர் விரும்பி உடுத்தியதை, இங்கே பலர்மேல் மிரட்டித் திணித்திருந்தார்கள்.

சீருடைதான் முதலில் இந்தக் கணக்கைக் குழப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் சென்னைச் சிப்பாய்கள் முழங்காலுக்கு மேல் நிற்கும் ஜாங்கியா அணிந்தார்கள். பிறகு வந்த போலீஸ்காரர்களுக்குக் கஞ்சி போட்டு விறைத்த காக்கி அரைக்கால் சட்டை, கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றிய துணிப்பட்டி. முழங்கால் தெரிய நின்ற அவர்களைக் கண்டு ஊரே ஒதுங்கியது.

கல்வராயன் மலையை ஜாகீர்தார்கள் தங்கள் கையில் வைத்திருந்த ஜாகீர் முறை 1976-ல் ஒழிந்து, மலை அரசின் கைக்கு வந்தது. சாலையும் பள்ளிக்கூடமும் வர, பையன்களுக்கு டவுசரும் பேன்ட்டும் வந்தன. மலைக்காரரோ மிராசுதாரரோ, யார் வந்தாலும் இடுப்பு, தொடை, உயரம் என்று ஒரே டேப்பில்தான் அளக்கிறேன். நீளம் எவ்வளவு வேண்டும் என்பதைத் தைக்கக் கொடுப்பவரே சொல்கிறார். எங்கள் தொழில் இந்த மண்ணுக்குச் செய்த பெரிய நன்மை இதுதான் என்று நான் நம்புகிறேன்.