போல்ட்டு போட்ட ஹெரால்டு

அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தள்ளிவிடச் சொல்லி வீட்ல தினமும் பஞ்சாயத்து. இந்தக் காருக்கு ஒரு கதை இருக்கு மக்களே.

இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி அடிச்சுக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல போட்டிக்காரரான பிஎம்சி வாங்கிருச்சு. வேற வழி? 1959-ல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு பாடியைத் துண்டு துண்டாச் செஞ்சு, சேஸிஸ் மேல போல்ட்டு போட்டு மாட்டினாங்க. 1961-லேருந்து சென்னையில தயாரானதும் இதே அமைப்புதான். கழட்டி மாட்டுறது சுலபம். அதை நம்பித்தான் நானும் ஸ்பேனரோட இறங்கினேன்.

சென்னைக் கம்பெனியில 1988-லயே உற்பத்தி நின்னாச்சு. பழைய பாகம் கிடைக்கலைன்னா லேத்துல சொல்லித்தான் செய்யணும். போதாக்குறைக்கு, பதிவு புதுப்பிக்கிற கட்டணம் 2022-ல 600 ரூபாய்லேருந்து 5,000 ஆச்சு. இருபது வருஷம் தாண்டின காருக்கு 2025-ல 10,000.

தங்கமணி கணக்கு நோட்டை எடுத்துட்டாங்க :-) சேஸிஸ் துருவுக்கு வெல்டிங் வேற பாக்கி.