தம்பி, நானா, ராமசாமி

வாப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. பதுளை பசாரில் எங்கள் கடைக்கு வந்த ஒரு சிங்கள இளைஞன், சிரித்த முகத்தோடு, "தம்பி, மேக கீயத?" என்று விலை கேட்டான். வாப்பா விலையைச் சொன்னார். ஆனால் அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"மரியாதையாத்தானே கேட்டான்" எண்டேன்.

"அவன்ட தகப்பன அப்பிடிக் கூப்பிடுவானா?" எண்டார்.

தமிழில் சிறப்புப் பட்டம் பெற்ற எனக்கு அதற்குப் பதில் இருக்கவில்லை.

ரயில் பதுளைக்கு வந்தது 1924இல். அதற்கு முன் தவளம் மாடுகளில் பொதி ஏற்றி ஊவா மலைகளுக்கு வந்தவர்களில் நம்மவர் பலர். நாம் நமக்குள் அன்பாகச் சொன்ன "தம்பி", மற்றவர் வாயில் நம் எல்லாருக்குமான பெயராயிற்று. சிங்களத்தில் அது "தம்பியா" என்று இழிசொல்லானது. மரக்கலத்தோடு சேர்ந்த பெருமையும் "மரக்கலயா" என்று சிறுமைப்பட்டது.

நாம் எந்த இனம் என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் எழுதினார், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுத்தார். அந்த வழக்கைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். கடைவாசல் வழக்கை யாரும் படிப்பிப்பதில்லை.

உறவுச்சொல் வயதைப் பார்த்து வரவேண்டும். ஆளின் இனத்தைப் பார்த்து வந்தால், அன்பான சொல்லும் குத்தும். தோட்டங்களிலும் இதுதான் நடந்தது. இருபது வயது வெள்ளைக்காரர் "சின்னதுரை". தகப்பன் வயதுத் தொழிலாளியோ, சொந்தப் பெயர் எதுவானாலும், துரைமார் பேச்சில் "ராமசாமி". சாமியின் பெயரே ஏளனமாயிற்று.

இனி நம் பக்கம். எனக்குப் பதினைந்து வயது. தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு கிழவி கடைக்கு வந்து, "நானா, கால் கிலோ பருப்பு குடுங்க" என்றார். என் உம்மம்மாவின் வயது அவருக்கு. நான் கேட்டேன்: "வேற என்ன வேணும், புள்ள?" அவர் முகம் மாறியதைக் கண்டேன். பக்கத்தில் நின்ற வாப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை சூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. "தம்பியா" என்று பிறர் சொல்லும்போது அந்த வசனம் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது. தராசுக்குப் பின்னால் நாம் நிற்கும்போதும் வரவேண்டும்.

அந்தக் கிழவி பல வருஷம் எங்கள் கடைக்கு வந்தார். அவர் பேர் என்னவெண்டு நான் ஒரு நாளும் கேட்கவில்லை.