கம்பளியும் கோட்டும்

ஆடை வடிவமைப்பு என்றதும் நம் நாட்டில் நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்று பார்பரா சன்சோனி என்பதாகும். 1964ஆம் ஆண்டில் கைத்தறி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பெண்கள் நெய்த துணிகளின் நிறச்சேர்க்கையாற் புகழெய்தியவர் அவர். ஆயின், பெயர் எழுதப்படாத வடிவமைப்பாளரும் உளர். ஊவா மாகாணத் தோட்டங்களில் நம் முன்னோர் அணிந்த உடைக்கு வடிவந் தந்தவர் யாவர்? நேயர்களே, இன்று அவ்வினாவையே சற்று ஆராய்வோம்.

பதுளையைச் சூழ்ந்த மலைகளில் முன்னர் விளைந்தது கோப்பி. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலேதான் கோப்பி இலைநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கோப்பி அழிந்த நிலத்திலே தேயிலை வேரூன்றிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதம் 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது.

இம்மாற்றம் உடையையும் மாற்றிற்று. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் ஆட்கள் மிகுதியாக வந்தாற் போதும். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் எடுக்கப்படவேண்டும். எனவே, தமிழகத்தின் வெப்பச் சமவெளியிலிருந்து வந்தோர், ஐப்பசி தொடங்கி வீசும் வடகீழ்ப் பருவமழையையும் மலைக்குளிரையும் தாங்கி இங்கேயே தங்கலாயினர். அவர்களுக்குத் துணையானது கம்பளி.

கம்பளி தைக்கப்படாத ஒரே துணி. மழையில் அதனைக் கொங்காணியாக மடித்துத் தலையிற் போட்டுக்கொண்டனர். பெண்களுக்கு அது கூடைக்கயிறு நெற்றியை அறுக்காவண்ணம் காத்தது. தேயிலைச் செடி கீறாதிருக்க இடுப்பிலே படங்கைச் சுற்றினர். இரவில் அதே கம்பளி போர்வையாயிற்று. இம்மடிப்புகளைக் கற்பித்த பள்ளி எதுவுமில்லை. தாயிடமிருந்து மகளும், தந்தையிடமிருந்து மகனும் கண்டு பயின்றனர். பெயரில்லா வடிவமைப்பாளர் என்று நாம் கூறியது இவர்களைத்தான்.

எனினும், அக்கம்பளி இலவசமன்று. தோட்டம் அதனைக் கொடுத்து, விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. 1929ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்நாளில் ஒரு கம்பளியின் விலை சிறு தொகையன்று. போர்த்தவன் தோளிலே குளிருக்குக் காப்பும் கடனின் சுமையும் ஒருங்கே இருந்தன.

பெரிய கங்காணியின் தோற்றம் வேறு. வெள்ளை வேட்டி, தலைப்பாகை, மேலே ஒரு கோட்டு. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆளின் கடனைக் காட்டிய துண்டுச் சீட்டும் அவர் கையில் இருந்தது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கோட்டின் மதிப்போ அதன் பின்னரும் குன்றவில்லை. பிரட்டுக்களத்தில் யார் ஆணையிடுபவர், யார் கேட்பவர் என்பதை உடையே உரைத்தது.

1927 நவம்பரில் மகாத்மா காந்தி பதுளைக்கு வந்தார். 1921இல் மதுரையிலே தம் உடையைத் தாமே தெரிந்து, நான்கு முழத் துண்டாகச் சுருக்கிக்கொண்டவர் அவர். கதர்ப் பணிக்காக நிதி திரட்டியே இலங்கையிற் சுற்றினார். அவர் சுமந்த செய்தியை ஊவாவின் கம்பளியோடு வைத்து எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும்: குறைந்த துணியுடுத்தல் இழிவன்று, எதை உடுத்துவது என்று தெரியும் உரிமையின்மையே இழிவு.

பிற்காலத்திற் கம்பளியின் இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பு பிடித்துக்கொண்டது. உங்கள் இல்லத்துப் பெட்டியிற் பழங்கம்பளி ஒன்று இருக்குமாயின், அதனை எறிந்துவிடாதீர்கள். வீட்டிலுள்ள பாட்டியாரிடம் கொடுத்து, ஒருமுறை கொங்காணி மடித்துக் காட்டச் சொல்லுங்கள். நூல்கள் எழுதாது விட்ட ஒரு கலையை அவர் கைகள் இன்னும் மறந்திரா.