ஒரு ஜன்னல் போதும்

மூன்று கோடி டாலர். ரொக்கமாக இல்லை, பங்குகளாக. 1994-ம் வருடம் நவம்பர் மாதம் அமெரிக்கா ஆன்லைன் என்கிற ஏ.ஓ.எல். நிறுவனம் இந்த விலையைக் கொடுத்து, புக்லிங்க் டெக்னாலஜீஸ் என்கிற பொடிக் கம்பெனியை வாங்கியது. மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கம்பெனி. சொல்லிக்கொள்ளும்படியாக அதனிடம் இருந்த சொத்து, இண்டர்நெட்வொர்க்ஸ் என்று பெயர் வைத்திருந்த ஒரு பிரவுசர்.

அந்தப் பிரவுசரில் ஒரு விசேஷம் உண்டு. பல வெப் பக்கங்களை ஒரே ஜன்னலுக்குள் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு காது. பழைய டெலிபோன் டைரிகளில் ஓரத்தைப் படிப்படியாக வெட்டி ஏ, பி, சி என்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. எந்தக் காதைத் தொடுகிறோமோ அந்தப் பக்கம் மேலே வரும். ஆம், இன்றைக்கு நாம் டேப் என்று சொல்கிற அதே சமாசாரம்தான்.

உலகத்தின் பெரும்பாலான ஜனங்களுக்கு அந்த டேப் கிடைத்தது எப்போது தெரியுமா? 2006 அக்டோபரில். பன்னிரண்டு வருடம்! அதுவரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஜன்னல்மேல் ஜன்னலாகத் திறந்து, மூடி, திறந்து, மூடி...

அந்தப் பன்னிரண்டு வருடக் கதை இது.

புக்லிங்கின்மேல் அப்போது மைக்ரோசாஃப்டுக்கும் ஒரு கண் இருந்தது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே ஏ.ஓ.எல். உள்ளே புகுந்து தட்டிக்கொண்டு போய்விட்டது. சரி போ என்று மைக்ரோசாஃப்ட் வேறு கடைக்குப் போனது. ஸ்பைகிளாஸ் என்கிற நிறுவனத்திடம் மொஸைக் பிரவுசருக்கான உரிமத்தை வாங்கி, அதை வைத்து இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கட்டியது. ஸ்பைகிளாஸுக்குக் காலாண்டுக்கு ஒரு தொகை, அதற்குமேல் விற்பனையில் பங்கு என்று ஒப்பந்தம். ஆனால் மைக்ரோசாஃப்ட் அந்தப் பிரவுசரை விற்கவே இல்லை. விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்துவிட்டது. பூஜ்யத்தில் என்ன சதவீதம் போட்டாலும் பூஜ்யம்தானே? ஸ்பைகிளாஸ் சண்டை பிடித்து, 1997-ல் 80 லட்சம் டாலருக்கு சமாதானமாகப் போனது. காமர்ஸ் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்த ஓர் உதாரணத்தை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

ஏ.ஓ.எல். என்ன செய்தது? புக்லிங்கின் பிரவுசரைக் கொஞ்ச நாள் தன் சாஃப்ட்வேருக்குள் வைத்திருந்தது. 1996 மார்ச்சில் மைக்ரோசாஃப்டோடு ஒரு டீல். நீ உன் சந்தாதாரர்களுக்கு எக்ஸ்ப்ளோரரைக் கொடு, நான் விண்டோஸ் திரையில் உனக்கு இடம் தருகிறேன். நல்ல வியாபாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதோடு புக்லிங்கின் கதை முடிந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவு இருக்கிறது, செலவு இல்லை. சரக்கு கிடங்கின் ஏதோ ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. நீங்கள் ஒரு லிங்க்கை அழுத்துகிறீர்கள். அந்தப் பக்கம் எங்கே திறக்க வேண்டும்? இதே ஜன்னலிலா, புது ஜன்னலிலா? அதை முடிவு செய்ய வேண்டியது யார்?

அழுத்துகிறவர்தான் என்று நினைப்போம். 1996-ல் வந்த நெட்ஸ்கேப் 2.0 வேறு மாதிரி நினைத்தது. லிங்க்கோடு டார்கெட் என்றொரு சின்ன கட்டளையைச் சேர்த்துவிட்டால் போதும், அது புது ஜன்னலில்தான் திறக்கும். கட்டளையைச் சேர்ப்பவர் வெப்சைட்காரர். படிக்கிறவருக்கு அதில் பேச்சே கிடையாது. அதே நெட்ஸ்கேப் 2.0-ல்தான் ஜாவாஸ்கிரிப்டும் வந்தது. இதை வைத்துக்கொண்டு, நீங்கள் எதையும் அழுத்தாமலேயே ஜன்னலைத் திறக்க முடியும்.

வெப்சைட்காரர்கள் குஷியாகிவிட்டார்கள். ஏன் ஆகமாட்டார்கள்? கடைக்கு வந்தவன் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தாலும் நம் கடைக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் திறந்தே இருக்கும். எங்கே போய்விடுவான்?

அடுத்தது விளம்பரம். அதே மாசசூசெட்ஸில் ட்ரைபாட் என்றொரு நிறுவனம் இருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தனக்கொரு வெப் பக்கம் போட்டுக்கொள்ளலாம். வருமானம் விளம்பரத்தில். ஒரு நாள் பெரிய கார் கம்பெனி ஒன்றிடமிருந்து கோபமாகப் புகார். என்ன விஷயம்? அவர்களுடைய விளம்பரம் ஒரு படுக்கையறைப் பக்கத்தின் நெற்றியில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஈதன் ஸுக்கர்மேன் என்கிற ட்ரைபாட் புரோகிராமர் யோசித்தார். விளம்பரத்தைப் பக்கத்தில் போட்டால்தானே வம்பு? தனியாக ஒரு குட்டி ஜன்னலில் போட்டுவிட்டால்? போட்டார். பாப்-அப் விளம்பரம் பிறந்தது. 2014-ல் அதற்காக ஒரு கட்டுரை எழுதி, உலகத்திடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றும் சொல்லியிருந்தார். நம்பலாம். ஆனால் அதற்குள் பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் பட்ட பாடு பட்டதுதான்.

ஒன்றை மூடினால் இரண்டு திறக்கும். சிலது முன்னால் வராமல் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நீங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கிளம்பும்போது பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். 2001-ல் எக்ஸ்10 என்கிற வயர்லெஸ் கேமரா கம்பெனி இந்த வகையில் அமெரிக்காவையே கதறவைத்தது. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கும் இந்த அனுபவம் இல்லாமல் இருக்காது. திரையின் அடியில் நீல நிற ‘இ’ வரிசையாகக் குவிந்து, எது ரயில்வே ரிசல்ட், எது லாட்டரி விளம்பரம் என்று தெரியாமல் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருப்போம். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் இதைச் சரி செய்திருக்கலாமே? செய்திருக்கலாம். ஆனால் 2001 ஆகஸ்டில் எக்ஸ்ப்ளோரர் 6 வந்த சமயத்தில் போட்டி முடிந்துவிட்டது. அடுத்த ஓரிரு வருடத்தில் இண்டர்நெட் பார்க்கிறவர்களில் நூற்றுக்கு 90 பேருக்குமேல் அதைத்தான் வைத்திருந்தார்கள். எதிரியே இல்லாத மைதானத்தில் எதற்கு ஓடுவானேன்? அடுத்த பதிப்பு வர ஐந்து வருடம் ஆனது.

டேப் என்பது ஏதோ ராணுவ ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். போர்லண்டின் குவாட்ரோ புரோ, 1992-லேயே கணக்குத் தாள்களுக்கு அடியில் காது வைத்துவிட்டது. அடோபி நிறுவனம் தன் படம் வரையும் சாஃப்ட்வேரின் கருவிப் பெட்டிகளுக்கு டேப் வைத்து, அதற்குப் பேட்டண்டும் வாங்கிக்கொண்டு, 2000-ல் மேக்ரோமீடியாமீது வழக்குப் போட்டது. 2002 மே மாதம் ஜூரி, மேக்ரோமீடியா 28 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. கொஞ்ச நாளில் எதிர் வழக்கில் அடோபி 49 லட்சம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு! இரண்டு பேரும் ஜூலையில் கை குலுக்கிக்கொண்டார்கள். 2005-ல் அடோபி, மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது. கேஸ் நடத்திய வக்கீல்களுக்கு மட்டும்தான் இதில் நிகர லாபம்.

பிரவுசரில் டேப்பை உயிரோடு வைத்திருந்தவர்கள் சில்லறை ஆசாமிகள். ஆடம் ஸ்டைல்ஸ் என்கிற தனி மனிதர், எக்ஸ்ப்ளோரரின் இன்ஜினையே எடுத்து அதன்மேல் வேறு சட்டை போட்டு நெட்கேப்டர் என்று விற்றார். உள்ளே எக்ஸ்ப்ளோரர், வெளியே டேப். சீனாவிலிருந்து வந்த மேக்ஸ்தானும் அதே டெக்னிக்தான். நார்வேயின் ஓபரா, ஒரு பெரிய ஜன்னலுக்குள் பல குட்டி ஜன்னல்கள் என்று தன் வழியில் போனது. இதையெல்லாம் உபயோகித்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் உபயோகித்தவர்கள் விடவில்லை. காரணம் எளிமையானது. டயல்-அப் காலம். ஒரு பக்கம் திறக்க அரை நிமிஷம். செய்தித் தலைப்புகளில் பிடித்த ஐந்தைப் பின்னணியில் டேப்களாகத் திறந்துவிட்டு, கையிலிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கலாம். படித்து முடிப்பதற்குள் அவை தயார்.

இனிமேல்தான் வேடிக்கை. 1998-ல் நெட்ஸ்கேப்பை ஒருவர் விலைக்கு வாங்கினார். யார்? நம்ம ஏ.ஓ.எல்.தான்! 420 கோடி டாலர் என்று அறிவிப்பு. நெட்ஸ்கேப்போடு சேர்ந்து, யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட மொஸில்லா திட்டமும் வந்தது. 2001 அக்டோபரில் மொஸில்லா 0.9.5 டேப்களோடு வெளியானது. அந்த வேலையில் முக்கியமானவர் டேவ் ஹயாட். நெட்ஸ்கேப் ஊழியர். அதாவது ஏ.ஓ.எல்.லின் சம்பளப் பட்டியலில் இருப்பவர். ஏழு வருடத்துக்கு முன்னால் விலை கொடுத்து வாங்கிக் கிடங்கில் போட்ட சரக்கை, அதே முதலாளி சம்பளம் கொடுத்துத் திரும்பவும் தயாரிக்கிறார். புக்லிங்க் என்றொரு பெயரை அப்போது அங்கே எத்தனை பேர் ஞாபகம் வைத்திருந்தார்களோ!

அப்போதாவது புத்தி வந்ததா? மொஸில்லாவில் பாப்-அப்களைத் தடுக்கிற வசதி இருந்தது. 2002 ஆகஸ்டில் அதே மொஸில்லாவிலிருந்து நெட்ஸ்கேப் 7.0 செய்தபோது, டேப்பை வைத்துக்கொண்டு அந்தத் தடுப்பை மட்டும் கழற்றிவிட்டார்கள். காரணம் தேடி அலைய வேண்டாம். ஏ.ஓ.எல். டைம் வார்னரின் சொந்த வெப்சைட்களே பாப்-அப் விளம்பரத்தில் காசு பார்த்துக்கொண்டிருந்தன. ஜனங்கள் திட்டித் தீர்த்தபிறகு டிசம்பரில், 7.01-ல் திருப்பி வைத்தார்கள். 2003 மே மாதம் மைக்ரோசாஃப்டிடம் 75 கோடி டாலர் நஷ்ட ஈடும், எக்ஸ்ப்ளோரரை ஏழு வருடம் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமையும் வாங்கிக்கொண்டது ஏ.ஓ.எல். இரண்டே மாதத்தில் நெட்ஸ்கேப் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மொஸில்லாவைத் தனி அறக்கட்டளையாக்கி, கையில் 20 லட்சம் டாலர் கொடுத்து, நீயே பிழைத்துக்கொள் என்று வாசலுக்கு அனுப்பியது.

பிழைத்துக்கொண்டது. ஹயாட்டும், பிளேக் ராஸ் என்கிற பதினேழு வயதுப் பையனும், இன்னும் சிலரும் 2002-ல் ஃபீனிக்ஸ் என்று ஆரம்பித்த இளைத்த பிரவுசர், இரண்டு முறை பெயர் மாறி, 2004 நவம்பர் 9-ம் தேதி ஃபயர்ஃபாக்ஸ் 1.0 ஆனது. ஒரு வருடத்துக்குள் 10 கோடி டவுன்லோட். ஹயாட் அதற்குள் ஆப்பிளுக்குப் போய்விட்டார். அங்கே 2003 ஜனவரியில் ஸஃபாரி வந்தபோது டேப் இல்லை. ஏப்ரலில் வந்துவிட்டது.

ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் 1.0-லும் ஒரு குறை. டேப் இருக்கும். நீங்கள் கேட்டால் திறக்கும். வெப்சைட்காரர் டார்கெட் போட்டு வைத்த லிங்க்கை அழுத்தினால் மட்டும் பழையபடி புது ஜன்னல்! அதை டேப்பாக மாற்றுகிற வசதியை உள்ளே எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார்கள். நோண்டத் தெரிந்தவர்கள் நோண்டிக்கொண்டார்கள். 2005 நவம்பரில் வந்த 1.5-ல் அது எல்லோரும் பார்க்கிற செட்டிங்ஸ் பக்கத்துக்கு வந்தது. 2006 அக்டோபர் 24-ல் ஃபயர்ஃபாக்ஸ் 2. இனி யாரும் எதையும் நோண்ட வேண்டாம், புது ஜன்னல் கேட்கிற லிங்க் தானாகவே டேப்பில் திறக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு டேப்புக்கும் மூடுவதற்குத் தனியாக ஒரு பெருக்கல் குறி வேறு.

பெரிய விஞ்ஞானமெல்லாம் இல்லை. பெட்டியில் ஒரு டிக். வெப்சைட்காரரின் கட்டளை அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழ்ப்படிகிற விதம்தான் மாறியது. புது இடம் கேட்டாயா, தருகிறேன், ஆனால் என் ஜன்னலுக்குள்ளேயே உட்கார்.

மைக்ரோசாஃப்ட்? அதுவும் விழித்துக்கொண்டுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2-க்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 18-ம் தேதி, எக்ஸ்ப்ளோரர் 7 வெளியானது. டேப்களோடு. 1994-ல் கைநழுவிப் போன சரக்கு, சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டது.

அந்த வாரம் கலிஃபோர்னியாவில் இருக்கும் மொஸில்லா ஆபீஸுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் பெரிய கேக். மேலே எக்ஸ்ப்ளோரரின் நீல நிறச் சின்னம், ஃபயர்ஃபாக்ஸ் 2 வெளியானதற்கு வாழ்த்து. அனுப்பியது, எக்ஸ்ப்ளோரர் டீம்.