சாத்து மேனன் எழுப்பிய விதைகள்



இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறைமுகத்திலே ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் வயதில் மூத்தது அதுவே. பெயர் 'ட்ரிங்கோமலி'. ஆம், நமது திருகோணமலைதான். இந்த ஊரிலே இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு, அந்தக் கப்பலின் படத்தை முதன்முதலிற் கண்டபோது ஊர்ப்பெருமையே மேலோங்கியது. அது எந்த மரத்தாலானது என்ற கேள்வி பிற்பாடுதான் எழுந்தது.

மலையாளக் கரைத் தேக்கினாலானது. 1817 ஒக்டோபரிலே பம்பாயில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக் கப்பற் கட்டுநர் அதைக் கடலில் இறக்கினார். நெப்போலியனோடு நடந்த போர்களிலே இங்கிலாந்தின் ஓக் மரங்கள் அருகிவிட்டன. தேக்கோ உப்புநீருக்கும் கறையானுக்கும் அஞ்சாதது. நமது 'தேக்கு' என்ற சொல்லே போர்த்துக்கேயர் வாயில் 'தேக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. மரம் போன வழியே சொல்லும் போயிருக்கிறது.

அந்தக் கப்பலுக்கு வெட்டிய மரங்களை எவரும் நட்டு வளர்க்கவில்லை. அவை காடு தந்தவை. கம்பெனியார் 1806 ஆம் ஆண்டிலேயே கப்டன் வாட்சன் என்பவரை வனக்காவலராக நியமித்து, தேக்கு வாணிபத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். குடிகளின் முறைப்பாடு பெருகவே, பின்னர் சென்னைக் கவர்னர் தோமஸ் மன்றோ அந்த ஏற்பாட்டைக் கைவிடச் செய்தார். காடு மட்டும் மீளவில்லை. 1840 இல் மலபார்க் கலெக்டராயிருந்த ஹென்றி வலன்டைன் கொனோலி, நிலம்பூரிலே தேக்கை விதைத்து வளர்க்கவேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். காடழிந்தமைக்குத் தனியாரின் கவலையீனத்தையும் பேராசையையும் அவர் குறை கூறினார். கப்பற் பட்டறையின் பசிக்கும் அதிற் பங்கில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

நிலம் கிடைத்தது. விதையும் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. முளைக்கத்தான் இல்லை!

தேக்கங்காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். வெளியே கடதாசிப் பைபோல ஊதிய புல்லிவட்டம். அதைக் கசக்கி நீக்கினால், சுண்டங்காயளவில் கம்பளி போர்த்த ஒரு காய். கம்பளிக்குள்ளே கல்லையொத்த ஓடு. ஓட்டுக்குள் நான்கு அறைகள். எல்லா அறையிலும் விதை இருக்குமென்பதில்லை. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். இத்தனை போர்வைகளைத் தாண்டி நீர் உள்ளே போகவேண்டும். ஒரே நாளில் விதைத்த காய்களுள் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். பக்கத்திலுள்ளது அடுத்த ஆண்டுவரை உறங்கும்.

காட்டிலே ஆண்டுதோறும் தீ பரவுகிறது, அதன் பின்பே கன்று தோன்றுகிறது என்று கண்டவர்கள், விதைமேல் தீ மூட்டிப் பார்த்தார்கள். ஊறவைத்தும் பார்த்தார்கள். காட்டுக் கன்றுகளைப் பிடுங்கிவந்து நட்டார்கள், அவை பட்டுப்போயின. மூன்றாண்டு முயற்சி வீணாயிற்று.

அப்பொழுது பொறுப்புக்கு வந்தவர் சாத்து மேனன், உதவி வனக்காவலர், அந்த மண்ணின் மனிதர். 1844 இல் அவர் கையில் விதை முளைத்தது. அவர் செய்தது மந்திரமன்று. காயை நன்கு ஊறவைத்தார். பெருமழைக்கு முன்பே பாத்தியில் விதைத்து, வைக்கோலால் மூடி, ஈரம் காயாமல் நீர் ஊற்றுவித்தார். மழை தொடங்கிய பின் நாற்றைக் குழிகளில் நடச் செய்தார். 1862 வரை அவர் நடுவித்த மரங்கள் பத்து இலட்சத்துக்கும் மேல்.

கொனோலி 1855 இல் கோழிக்கோட்டிலே தமது இல்லத்தில் கொலையுண்டார். 1858 இல் கம்பெனியின் ஆட்சியும் முடிந்தது. 1860 இல் இங்கிலாந்து இரும்புடல் கொண்ட போர்க்கப்பலைக் கடலில் இறக்கிவிட்டது. அப்போது நிலம்பூர்த் தேக்குகளுக்கு ஏறத்தாழப் பதினாறு வயதுதான். கப்பலுக்கென்று நட்ட மரம் பருவமடையுமுன்னே மரக்கப்பலின் காலம் போய்விட்டது. எஞ்சி நிற்கும் பழைய மரங்கள் உள்ள இடத்தை இன்றும் 'கொனோலி தோட்டம்' என்றுதான் அழைக்கிறார்கள். விதையை எழுப்பியவர் பெயரால் அல்ல.

நானும் ஒருமுறை இதிலே தோற்றவன். பாடசாலை வளவில் நடுவதற்காக, வீதியோரத் தேக்கின் கீழே மாணவர்களைக் கொண்டு காய் பொறுக்குவித்தேன். அன்றே விதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றினோம். தவணை முடிந்தது, ஒன்றும் முளைக்கவில்லை. நாற்றுமேடையில் வேலை செய்து ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மாஸ்டர், விழுந்த கையோட விதைச்சா அது எழும்பாது. வெயிலில காயவிட்டு, சாக்கில கட்டி ஒரு வருசம் வையுங்கோ. பிறகு இரவில தண்ணியில போடுங்கோ, பகலில வெயிலில பரவுங்கோ. ஒரு கிழமை, பத்து நாள் இப்பிடிச் செய்யுங்கோ. ஓடு தானா இளகும்."

பழைய காயே புதியதைவிட நன்றாக முளைக்கும் என்பதை வனவியல் நூல்களும் சொல்கின்றன. இரவில் நனைத்துப் பகலில் உலர்த்தும் முறையும் அவற்றில் உண்டு. அவற்றைப் படிக்காத அந்தக் கிழவருக்கு அது கைப்பழக்கம். சாத்து மேனனுக்கும் இப்படி யாரோ ஒருவர் சொல்லியிருப்பாரோ என்று எண்ணிக்கொள்வேன். அந்த ஒருவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறியிராது.

அவர் சொற்படி மறுபடி காய் சேர்த்துக் கட்டிவைத்தேன். பழைய பாத்தியை மறந்தே போனோம். புல் மூடிவிட்டது. அடுத்த மாரியில் ஒரு காலை, வகுப்பு மாணவன் ஒருவன் ஓடிவந்து கையை நீட்டினான். விரல்கள் இரத்தம்போலச் சிவந்திருந்தன. பயந்துபோனேன்.

"காயமில்லை சேர். பாத்தியில நிண்ட இலையைக் கசக்கினனான்."

தேக்கின் இளந்தளிர் கசக்கினால் அப்படித்தான் சிவக்கும். போய்ப் பார்த்தோம். புல்லுக்குள்ளே ஏழு கன்றுகள் நின்றன.