முகங்களைக் கோடாக்கிய கலை

1839-இல் புகைப்படம் உலகுக்கு அறிமுகமானது. ஆனால் அதை அப்படியே பத்திரிகையில் அச்சிட அடுத்த 40 ஆண்டுகளுக்கு நடைமுறை வழி பிறக்கவில்லை. ஈய எழுத்துகளை வைத்து அச்சிடும் பொறியில் மை ஒட்டும் இடம், ஒட்டாத இடம் என இரண்டுதான் உண்டு. கன்னத்தில் படரும் சாம்பல் நிழலுக்கு அதில் இடமில்லை. அதனால் பத்திரிகையில் வரவேண்டிய முகம் முதலில் கோட்டோவியமாகி, பிறகு மரக்கட்டையில் செதுக்கப்பட்டது.

செம்புத் தகட்டில் செதுக்கினால் மை பள்ளத்தில் நிற்கும். அதை எழுத்தோடு சேர்த்து அச்சிட முடியாது. மரக்கட்டையில் மேடுதான் மை ஏந்தும். பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் செதுக்கும் முறையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பெவிக் செம்மைப்படுத்தினார். அந்த மரம் பருமன் குறைந்தது என்பதால் சிறு கட்டைகளை இணைத்தே பெரிய பிளாக் செய்தார்கள். அவசர வேலையென்றால் இணைப்பைத் தாண்டும் கோடுகளைத் தலைமைச் செதுக்குநர் வெட்டிவிட்டு, கட்டைகளைப் பிரித்துப் பலரிடம் கொடுப்பார். பழைய இதழ்களின் படங்களில் அந்த இணைப்பு மெல்லிய வெள்ளைக் கீற்றாக இன்றும் தெரிகிறது.

1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் மேத்யூ பிரேடி ஆபிரகாம் லிங்கனைப் படமெடுத்தார். நீண்ட கழுத்து உறுத்தாதிருக்கச் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டாராம். அந்தப் படத்தைப் பார்த்து வின்ஸ்லோ ஹோமர் வரைந்த ஓவியம், மரச்செதுக்காக நவம்பர் 10 ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யின் முகப்பில் வந்தது.

வேலையின் நுட்பம் கோட்டின் போக்கில் இருந்தது. கன்னத்தின் வளைவோடு கோடும் வளையவேண்டும். நிழலில் தடித்து நெருங்கி, வெளிச்சத்தில் மெலிந்து விலகவேண்டும். கண்மணியின் ஒளிப்புள்ளிக்காக எடுக்கும் துளி மரம் கொஞ்சம் கூடினாலும் பார்வையே மாறிவிடும். அச்சில் இடம் வலமாகும் என்பதால் எல்லாமே இடவலம் மாற்றிச் செதுக்கப்பட்டன.

1860-களில் கட்டையின் மீதே புகைப்படத்தைப் பதிக்கும் வழி வந்ததும் இடையில் வரைபவர் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் டிமதி கோல் போன்றோர் படத்தின் சாயல்களை நுண்கோடுகளால் அப்படியே பின்பற்றினார்கள். செதுக்குநர் கோட்டால் சிந்திக்கவேண்டும், நகலெடுக்கக் கூடாது என்று மூத்தவரான வில்லியம் ஜேம்ஸ் லிண்டன் சாடினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் சண்டை முடிவதற்குள் தொழிலே முடிந்துகொண்டிருந்தது. 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’, சாம்பல் சாயலைச் சிறு புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் படம் ஒன்றை வெளியிட்டது. 1890-களில் அம்முறை பரவியதும் பத்திரிகை மரச்செதுக்கு மறைந்தது.

ஆனாலும் ரூபாய் நோட்டு, டாலர் நோட்டுகளில் கோட்டுமுகம் நிலைத்தது. முதல் பக்கத்தில் புகைப்படம் போடாதிருந்த ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 1979-இல் கெவின் ஸ்ப்ரௌல்ஸின் கைவண்ணத்தில் அதே பாணிக்குத் திரும்பியது. உளிக்குப் பதில் பேனா. புகைப்படத்தின்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்துப் புள்ளியும் சிறு கோடுமாக முகத்தை எழுப்பினார்கள். ஒரு முகத்துக்குப் பல மணி நேரம் பிடித்தது.